மைனர் லீக் பேஸ்பால் டீம்களுக்கு ஏன் இவ்ளோ காமெடியா பேரு வைக்கிறாங்க?

காமெடிதான், ஆனா சும்மா வைக்கல. மைனர் லீக்னா அமெரிக்காவுல மேஜர் லீக்குக்கு கீழ இருக்கற லீக், அங்க பிளேயர்ஸ் யாருமே அந்த டீமுக்கு சொந்தம் கிடையாது, மேல இருக்கற மேஜர் லீக் கிளப்தான் சம்பளம் குடுக்குது, நல்லா ஆடுற பையன சீசன் நடுவுலயே மேல தூக்கிட்டுப் போயிடும், அப்போ லோக்கல் ஓனர் கையில மிஞ்சுறது பேரு, லோகோ, தொப்பி, ஸ்டேடியம் இவ்ளோதான், அத வச்சுத்தான் கூட்டத்த இழுக்கணும்.

அலபாமால ஹன்ட்ஸ்வில் பக்கத்துல மேடிசன்னு ஒரு ஊரு. நாசாவோட ராக்கெட் சென்டர் ஹன்ட்ஸ்வில்லதான், அதனால அந்த ஊருக்கு ராக்கெட் சிட்டின்னு பட்டப்பேரு. 2018ல மேடிசன் டீமுக்கு ரசிகர்கள் ஓட்டு போட்டு ‘ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ்’னு வச்சாங்க. டிராஷ் பாண்டான்னா குப்பைத்தொட்டிய கிளறுற ரக்கூனுக்கு நெட்ல வச்ச கிண்டல் பேரு, லோகோலயும் அது குப்பைத்தொட்டி ராக்கெட்ல பறக்கும் (எனக்கு ரொம்ப பிடிச்ச லோகோ இது). கொரோனாவால 2020 சீசனே நடக்கல, 2021லதான் முதல் மேட்ச், ஆனா அதுக்கு முன்னாடியே மில்லியன் டாலருக்கு மேல தொப்பி டிஷர்ட்டெல்லாம் வித்துருச்சு.

டெக்சஸ்ல அமரில்லோங்கற ஊரு டீமுக்கு ‘சாட் பூடுல்ஸ்’னு வச்சப்போ ஊரே திட்டுச்சு, புல்வெளில வளை தோண்டுற, அணில் வகைய சேர்ந்த பிரெய்ரி டாக்கோட இன்னொரு பேராம் அது. 2019ல முதல் சீசன்லயே கப்பு அடிச்சிட்டாங்க.