வாசகர் கேள்வி: பூட்டிய ஒலிநாடாவின் சாவி யாரிடம்?

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பண்பாட்டை ஆராய அந்நாட்டு அரசே நடத்தும் நிறுவனத்தில், சில பதிவுகளை ஆய்வாளர்கள்கூடக் கேட்க முடியாதாமே? மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் இப்படிப் பூட்டி வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது, கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தை அடுத்து அமைந்துள்ள ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவினர் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக 'அயாட்சிஸ்'. (டோரஸ் நீரிணை என்பது ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினித் தீவுக்கும் இடையிலுள்ள கடற்பகுதி.) பூட்டி வைப்பது உண்மைதான், அது சரி என்பதே என் கட்சி.

நாடாளுமன்ற உறுப்பினர் வென்ட்வொர்த்தின் விடாத வற்புறுத்தலால் 1961-இல் அறிஞர்கள் மாநாடு கூடி, 1964-இல் சட்டத்தின் வழியே இந்நிறுவனம் பிறந்தபோது, அழிந்துகொண்டிருக்கும் ஒரு பண்பாட்டை அது மறைவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரமே அதை இயக்கியது. யாருடைய வாழ்க்கையைப் பதிவு செய்தார்களோ அவர்களில் ஒருவர்கூட நிறுவனத்தின் அன்றைய ஆட்சிமன்றத்தில் இல்லை; 1970-இல்தான் ஃபிலிப் ராபர்ட்ஸ் என்ற பூர்வகுடித் தலைவர் அதில் இடம்பெற்றார். எங்களைப் பற்றிய ஆய்வில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்டுப் பூர்வகுடியினர் சிலர் 1974-இல் எழுதிய பகிரங்கக் கடிதம் நிறுவனத்தை உலுக்கியது. 1989-இல் வந்த புதிய சட்டம் டோரஸ் நீரிணைத் தீவினரையும் பெயரில் சேர்த்தது. இன்று ஆட்சிமன்றத்தில் பெரும்பான்மையினர் அம்மக்களே.

இனி, தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆண்கள் மட்டுமே பங்குபெறும் சடங்கொன்றின் பாடலை ஆய்வாளர் ஒருவர் ஒலிநாடாவில் பதிந்து வந்திருந்தால், அச்சமூகத்தின் வழக்கப்படி அதைப் பெண்கள் கேட்கலாகாது. பெண்களின் சடங்குகளுக்கும் இதேபோல் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இத்தகைய பதிவைக் கேட்க விரும்புகிறவர் உரிய சமூகத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அவர் எத்தனை பட்டம் பெற்றவர் என்பது அங்கே செல்லாது. இறந்தவர்களின் குரலும் படமும் உறவினரைத் துயரப்படுத்தக்கூடும் என்பதால், அவை இடம்பெறும் இடங்களில் முன்னெச்சரிக்கைக் குறிப்பும் வைக்கிறார்கள். வரிப்பணம் பாதுகாக்கும் செலவுக்குத்தான். பாடலின் உரிமையை அது விலைக்கு வாங்கிவிடாது. கோயில் கருவறைக்குள் யார் போகலாம் என்பதற்காக இன்றும் வழக்காடும் நாம் இதைக் கேட்டு வியப்பதுதான் வேடிக்கை.

கேள்வி: சாதாரணப் பூர்வகுடிக் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்?
– வாசகர், சிவகாசி

பதில்: குழந்தைப் பருவத்திலேயே அரசாலும் கிறித்தவ மிஷன்களாலும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய வாரிசுகளும், தம் குடும்ப வேர்களைத் தேட இங்குள்ள ஆவணங்களையே நாடுகிறார்கள். பேச்சு வழக்கொழிந்த தாய்மொழியை மீட்க முயல்வோருக்கு, பாட்டன் பாட்டியர் காலத்து ஒலிப்பதிவே சில வேளைகளில் ஒரே ஆசிரியர். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் கிடக்கும் பொருள்களை மீட்கும் பணியும் உண்டு: 2019-இல் மான்செஸ்டர் அருங்காட்சியகம், தாளமிடும் கட்டைகள், உடலில் அணியும் சடங்கு அணிகள் உட்பட 43 பொருள்களை, விலை எதுவும் பெறாமல், அரண்டா, யாவுரு உள்ளிட்ட சமூகத்தாருக்கு இந்நிறுவனத்தின் வழியே திருப்பியளித்தது.