அந்தமான் எப்ப போறது? உளுந்து எடுத்தப்புறம்!

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க:

"அக்கா, வீட்டுக்காரர் விவசாயம் பாக்குறார், டவுன்ல சின்னதா ஒரு உரக்கடையும் இருக்கு. ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, அஞ்சாவது படிக்கிற பையன், மாமியார், இவ்வளவுதான் குடும்பம். கல்யாணம் ஆனதுலேர்ந்து வேளாங்கண்ணி, கொடைக்கானல் தாண்டி எங்கயும் போனதில்ல. சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு, அந்தமான் போகலாம்னு ஆசை. ஒரு ஏஜென்ட் அஞ்சு ராத்திரி ஆறு நாள் பேக்கேஜ் குடுத்திருக்கார், போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், எலிபென்ட் பீச், நீல், பாராடாங் எல்லாமே வருதாம், மே கடைசியில போனா ரேட் கம்மிங்கிறார். வீட்டுக்காரர் 'கடல் பாக்க ப்ளைட்டா, முத்துப்பேட்டை தாண்டுனா கடல்தான'ங்கிறார். அத்தைக்குப் பொறந்த வீடு நாகப்பட்டினம் பக்கம், சுனாமியில சொந்தக்காரங்கள பறிகொடுத்தவங்க, கடல் பேச்சு எடுத்தாலே எழுந்து உள்ள போயிடுவாங்க. அவங்கள நாத்தனார் வீட்டுல விட்டுட்டுப் போகலாமா? தண்ணியில எறங்க என்ன டிரஸ் எடுக்கணும்னு பொண்ணு கேக்குது, அதையும் சொல்லுங்க. பேர் போடாதீங்க."

தங்கச்சி, மொதல்ல அந்த மே கடைசிய அழிச்சிடுங்க. ரேட் கம்மின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? கேரளாவுக்கு ஜூன் 1 வாக்குல வர்ற தென்மேற்குப் பருவமழை அந்தமானுக்கு மே 20-ஐ ஒட்டியே எறங்கிடும், மழை மட்டும்னா கூட ரூம்ல ஒக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்துடலாம், ஆனா காத்து கெளம்பிடுச்சுன்னா தீவுக்குத் தீவு போற ஃபெர்ரிய நிறுத்திடுவாங்க, தண்ணியும் கலங்கிப்போயி, எந்த பவளப்பாறையப் பாக்க அவ்வளவு தூரம் போனீங்களோ அது கண்ணுக்கே தெரியாது. அதே மாதிரி தீபாவளிய ஒட்டியும் வேண்டாம், நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகையில வர்ற மழை அங்கயும் உண்டு, அந்தத் தீவுகளுக்கு ரெண்டு பருவமும் சொந்தம். அரையாண்டு லீவுல கடல் நல்லாத்தான் இருக்கும், ஆனா கிறிஸ்துமஸ் நியூ இயருக்கு மொத்த இந்தியாவும் அங்கதான் நிக்கும், ரேட்டும் ஏறிக்கிடக்கும், உங்க வீட்டுக்காரரும் சம்பாவ வயல்ல விட்டுட்டு கெளம்ப மாட்டார்.

இதுல ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா அந்தமானோட நல்ல சீசனும் டெல்டாக்காரங்க கை ஓயுற காலமும் கிட்டத்தட்ட ஒண்ணு. தையில சம்பா அறுத்து, தாள்ல வெதச்ச உளுந்து பயறையும் பங்குனி சித்திரைக்குள்ள எடுத்துடுவீங்க, மேட்டூர் தொறக்கறது ஜூன் 12, அதுவும் தண்ணி இருந்தா. நடுவுல இருக்கற இந்த எடவெளியில, பிள்ளைங்க பரீட்சை முடிஞ்ச நாள்லேர்ந்து மே முதல் வாரம் வரைக்கும், அதான் உங்களுக்கு. வெயில் இருக்கும், இல்லன்னு சொல்லல, அந்தக் கடல்ல எப்பவாச்சும் ஒரு தாழ்வு நிலை கிளம்பவும் செய்யும், ஆனா பெரும்பாலும் கடல் தூங்குற மாதிரி இருக்கற காலம் அது. போர் செட் வச்சு குறுவைய முன்னாடியே ஆரம்பிக்கிறவரா இருந்தா நாத்தங்கால் வேலை அதுக்குள்ள வந்துடும், கடைக்கும் உர சீசன் வந்துடும், அதனால அவர்கிட்ட "போகலாமா"ன்னு கேக்காதீங்க, "எந்த வாரம் தோதுப்படும்"னு கேளுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இப்ப அந்த பேக்கேஜ். ஏழு இடம், ஆறு நாள், அதுல போற நாளும் வர்ற நாளும் கழிச்சா நாலு நாள். இத எழுதுனவர் வயசானவங்களோட ஃபெர்ரி ஏறிப் பாத்ததில்லன்னு நெனக்கிறேன். எங்க அண்ணி குடும்பம் இதே மாதிரி ஒண்ணுல போனாங்க, விடிய விடிய எழுந்து, பேக் கட்டி, ஜெட்டில வரிசையில நின்னு, உள்ள ஏறுனா ப்ளைட் மாதிரி மூடுன ஏசி கேபின், வெளிய வந்து நிக்க விடல, அரை மணி நேரத்துல ஒவ்வொருத்தரா மொகம் வெளுத்து, ஊழியர் ஒருத்தர் சீட் சீட்டா கவர் குடுத்துக்கிட்டே போறார், எங்க அண்ணி பையன் அவன் கவர முடிச்சிட்டு அவங்கம்மா கவரையும் வாங்கிக்கிட்டான். எறங்குனவுடனே வேன்ல ஏத்தி அடுத்த பீச். எந்த பீச் எதுன்னு போட்டோ பாத்துதான் கண்டுபுடிச்சாங்க.

அதனால கொறைங்க. பாராடாங்க மொதல்ல தூக்குங்க. போர்ட் பிளேர்லேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர், இருட்டிலயே கெளம்பி, போலீஸ் காவலோட வண்டிங்கள வரிசையா விடுற கான்வாய்க்கு காத்து நிக்கணும், சுண்ணாம்புக் குகையும் சேறு கொப்பளிக்கிற எடமும் பாக்க ஒரு முழு நாள் போயிடும். அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது, அவங்கள போட்டோ எடுக்கறது சட்டப்படி குற்றம், இருந்தும் "ஜாரவாவ பாக்கலாம் சார்"னு சொல்லி ஆள் ஏத்துறவங்க இருக்காங்க, மனுசங்கள வேடிக்கை பாக்க வேன் எடுத்துட்டுப் போற வேலை நமக்கு வேண்டாம். பாராடாங்ல நெஜமாவே அழகான சமாச்சாரம் ஒண்ணுதான், அலையாத்திக் காட்டு நடுவுல படகுல போறது, அது உங்க வீட்டுக்காரர் சொன்ன முத்துப்பேட்டையிலயே இருக்கு, தமிழ்நாட்டுலயே பெரிய அலையாத்திக் காடு! ஒரு ஞாயித்துக்கெழமை லகூன் வரைக்கும் போட்ல போயிட்டு வாங்க, அந்தப் பாதி வாதத்துல அவர் ஜெயிச்சதா இருக்கட்டும்.

மத்த பாதியில அவர் தோத்துட்டார். நம்ம பக்கம் அலை புடிச்சு இழுக்கும், ஆறுங்க கொண்டாந்து கொட்டுற வண்டலும் அலையில கெளம்புற மணலுமா இடுப்பளவு தண்ணில நின்னா நம்ம காலே நமக்குத் தெரியாது. அங்க பெரிய ஆறு கெடையாது, பவளப்பாறை பொடிஞ்ச மணல், கண்ணாடி மாட்டிக்கிட்டு குனிஞ்சா மீன் தெரியும். இன்னும் முரண்டு புடிச்சார்னா தஞ்சாவூர் பெரிய கோயில் சுவத்துல இருக்கற ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்திய காட்டுங்க, அதுல வர்ற மாநக்கவாரம் நிக்கோபார்தான், நம்ம ஊர்க்காரங்க ஆயிரம் வருசம் முன்னாடியே நாகப்பட்டினத்தோட விடாம அங்க வரைக்கும் போயிருக்காங்கன்னு.

சரி, மிச்சம் இருக்கற அஞ்சு ராத்திரிய நான் பிரிச்சா இப்படி. மொத நாள் எறங்குன மத்தியானம் சுதந்திரப் போராட்டக்காரங்கள அடைச்சு வச்ச செல்லுலார் ஜெயில், இருட்டுனதும் அங்கயே ஒலி ஒளி காட்சி. பொண்ணு ஒன்பதாவதுல்ல, அவசியம் காட்டுங்க, 1906-ல கட்டி முடிச்சப்ப ஏழு கிளை இருந்த கட்டடம், இப்ப மூணுதான் நிக்குது. ரெண்டாம் நாள் காலைல ஃபெர்ரி புடிச்சு ஹேவ்லாக் தீவு, அங்க மூணு ராத்திரி. அஞ்சாவது நாள் போர்ட் பிளேர் திரும்பி ஒரு ராத்திரி, மறுநாள் ப்ளைட். இந்தக் கடைசி ராத்திரிய மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க, "காலைல நீல்லேர்ந்து ஃபெர்ரி, மத்தியானம் ப்ளைட், கரெக்டா இருக்கும்"னு ஏஜென்ட் சொல்லுவார், ஒரு காத்து அடிச்சு அந்த ஃபெர்ரி கேன்சல் ஆனா அஞ்சு பேர் ப்ளைட் டிக்கெட் போச்சு. நீல், அத்தை மூணாவது படகுக்கு சரின்னா மட்டும், ஹேவ்லாக்ல ஒரு ராத்திரிய கொறைச்சுக்கிட்டு. சின்ன தீவு, அமைதி, வயக்காடு காய்கறித் தோட்டம்லாம் இருக்கு, அந்த ஊரே விவசாயம் பண்ற ஊருதான், உங்க வீட்டுக்காரர் பீச்ச விட்டுட்டு வரப்புலதான் நிப்பார்.

ஹேவ்லாக்ல ராதாநகர் மேற்கு பாத்த பீச், சூரியன் மறையறத அங்கதான் பாக்கணும், ஆனா நம்ம ஊர் கணக்குல ஆறரைக்குப் போனா இருட்டத்தான் பாப்பீங்க. கடியாரம் ஒண்ணுதான், ஊர் கிழக்கால தள்ளி இருக்கறதால கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னாடியே பொழுது சாஞ்சிடும், சித்திரையில அஞ்சரைக்கெல்லாம் முடிஞ்சிடும், நாலு மணிக்கே போயிடுங்க. நெறய ரிசார்ட் இருக்கற கிழக்குக் கரையில வேற கதை, அங்க கடல் ஏறி எறங்குறது நம்ம கரைய விட ரொம்ப அதிகம், அமாவாசை பௌர்ணமிய ஒட்டிப் போனா தண்ணி எறங்குற நேரத்துல வெறும் பாறையும் சேறுமாத்தான் கெடக்கும், "பீச் ரிசார்ட்னு ஏமாத்திட்டான்"னு சண்டை போடாதீங்க, சில மணி நேரத்துல திரும்பி வந்துடும். மூணு நாள்ல ஒரு நாள் எதுவும் வைக்காம சும்மா விடுங்க. ஸ்கூபா ஆசை இருந்தா பத்து வயசு ஆகியிருக்கணும், ஆஸ்துமா இருந்தா கூடாது, அதையும் மொத ரெண்டு நாள்லயே முடிச்சிடுங்க, முங்கிட்டு மறுநாளே ப்ளைட் ஏறுறது ஒடம்புக்கு ஆகாது. முதலை இருக்கற கடல் அது, போர்டு வச்ச எடத்துலயும் கழிமுகத்துலயும் எறங்கவே கூடாது, லைஃப் கார்டு இருக்கற எடத்துல மட்டும்.

ஊர்லேர்ந்து போறதுக்கு மன்னை எக்ஸ்பிரஸ் போதும், எழும்பூர் வரைக்கும் போகாம தாம்பரத்துலயே எறங்கிடுங்க, ஏர்போர்ட் அங்கேர்ந்துதான் கிட்ட. சென்னையிலேர்ந்து கப்பலும் உண்டு, ஆனா கிட்டத்தட்ட மூணு நாள், உங்க கதைக்கு அது சரிப்படாது. ஃபெர்ரி டிக்கெட்ட ரூமுக்கு முன்னாடி போடுங்க, ரூம் எங்கயாவது கெடைக்கும், சீட் கெடைக்காது. டிக்கெட்ல ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப்னும் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம்னும் இருந்தா பயந்துடாதீங்க, பேர் மாத்திட்டாங்க. எல்லாருக்கும் ஆதார் ஒரிஜினல். வாந்தி மாத்திரை ஏறுறதுக்கு முன்னாடி போட்டாதான் வேலை செய்யும், அத்தைக்கு பிபி சுகர் மாத்திரை ஓடுதுன்னா டாக்டர கேட்டுட்டு குடுங்க. கையில ரொக்கம் வச்சுக்குங்க, 2020-ல கடலுக்கடியில கேபிள் போட்டப்புறம் நெட் தேவலாம், ஆனாலும் ஜீபே சுத்திக்கிட்டே நிக்கும். பையன் கிளிஞ்சல் பவளம்னு பொறுக்கி பைல போடாம பாத்துக்குங்க, பவளம் எடுத்துட்டு வர்றது குற்றம், ஏர்போர்ட்ல பைய பிரிச்சிடுவாங்க.

இப்ப அத்தை. லெட்டர்ல எனக்கு உறுத்துனது இதுதான், நாத்தனார் வீட்டுல விடலாமான்னு என்னய கேக்குறீங்க, அவங்கள கேட்டீங்களா? கேட்டதா தெரியல. 2004 டிசம்பர் 26-ல தமிழ்நாட்டுலயே அதிகமா பறிகொடுத்தது நாகப்பட்டினம், அத நேர்ல பாத்தவங்களுக்கு "இப்பல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை"ங்கற பேச்சு ஆறுதல் இல்ல, எரிச்சல். அதே அலை அந்தமான் நிக்கோபாரையும் அடிச்சது, நிக்கோபார் பக்கம் ரொம்ப மோசமா, அத மறைச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க, அங்க போய் யார் மூலமாவது தெரிஞ்சா மொத்த ட்ரிப்பும் போச்சு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அப்ப எச்சரிக்கை சொல்ல யாருமில்ல, 2007-லேர்ந்து ஹைதராபாத்ல அதுக்குன்னே ஒரு மையம் ராத்திரி பகலா பாத்துக்கிட்டு இருக்கு. போர்ட் பிளேர் நம்ம ஊர் மாதிரி தட்டை இல்ல, மேடும் பள்ளமும்தான், ரூம மேட்டுல கேட்டு வாங்கலாம். நெலம் பலமா குலுங்குனா சைரனுக்கு காத்திருக்காம மேட்டுக்கு ஏறிடணுங்கறத பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க, அது பயமுறுத்தறது இல்ல, நிலநடுக்கம் வர்ற ஊர் அது.

கேக்குறப்ப மகனையும் பேரப்பிள்ளைங்களையும் சுத்தி ஒக்கார வச்சுக் கேக்காதீங்க, எல்லார் எதிர்லயும் "நீங்க போயிட்டு வாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நீங்க மட்டும், கீரை ஆயுற நேரத்துல, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி. வர்றேன்னா ரெண்டே படகு, போக ஒண்ணு வர ஒண்ணு, மத்த நேரம் கரையில நாற்காலிதான்னு சொல்லுங்க. ஹேவ்லாக்லேர்ந்து எலிபென்ட் பீச் போற சின்ன போட்டுல முட்டி வலிக்காரங்க ஏறி எறங்குறது கஷ்டம், அதுக்கு அவங்க வேண்டாம், யாராவது ஒருத்தர் கூட இருங்க. போர்ட் பிளேர்ல வெற்றிமலை முருகன் கோயில் இருக்கு, தமிழ்க்காரங்க நெறய பேர் இருக்கற ஊர், இட்லிக்கும் பேச்சுத்துணைக்கும் பஞ்சமில்ல. வரலன்னு சொன்னா அதோட விட்டுடுங்க, ரெண்டாவது தடவ கேக்காதீங்க, அப்ப நாத்தனார் வீடா சொந்த வீட்டுலயே துணைக்கு ஆளாங்கறதயும் அவங்களே சொல்லட்டும்.

டிரஸ்ஸா, பொண்ணுகிட்ட சொல்லுங்க, காட்டன் சுடிதார் மட்டும் வேண்டாம், தண்ணி குடிச்சு கனம் ஏறி காலச் சுத்தும். ஸ்போர்ட்ஸ் கடையில விக்கிற பாலியஸ்டர் முழுக்கை டீ-ஷர்ட், லெக்கிங்ஸ், ஆளுக்கு ரெண்டு செட், உங்களுக்கும் சேத்து எடுங்க. முதுகு வெயில்ல கருகாம இருக்கும், லைஃப் ஜாக்கெட் அதுக்கு மேல சரியா ஒக்காரும். துப்பட்டாவ ரூம்லயே வச்சிட்டுப் போங்க.