மீதித் தொகையை வீட்டுக்காரருக்கே தவணையில் கொடுத்து வீடு வாங்கலாமா?

கேள்வி: கோவையில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டை 60 லட்சம் ரூபாய்க்குப் பேசி வருகிறேன். தொழில் தொடங்கி ஓராண்டே ஆனதால் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கையில் 31 லட்சம் இருக்கிறது. இப்போது 25 லட்சமும், மீதி 35 லட்சத்தை ஐந்து ஆண்டுகளில் வட்டியுடனும் பெற்றுக்கொள்ள உரிமையாளர் இசைகிறார். மாத வாடகை 24,000 ரூபாய். நிபந்தனைகளை எப்படி வைப்பது?

பதில்: விலையைவிட வட்டியில்தான் நீங்கள் அழுத்திப் பேச வேண்டும். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் முதலாண்டில் மாத வட்டியே 26,250 ரூபாய். வாடகை முழுவதும் போதாது. 6 சதவீதமானால் அது 17,500 ரூபாயாகிறது. ஆண்டு முடிவில் 7 லட்சம் அசல் கழியும்படி வைத்தால், இந்த 3 சதவீத வித்தியாசம் ஐந்தாண்டில் 3,15,000 ரூபாய். இதற்காக விலையில் ஒரு லட்சம் கூட்டிக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் அந்த 7 லட்சம் ஆண்டுதோறும் உங்கள் தொழிலிலிருந்துதான் வர வேண்டும்; வாடகையை நம்பி அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் முழுவதும் தீர்ந்த பிறகு கிரயம் என்ற ஏற்பாட்டை நான் விரும்பவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் உரிமையாளர் காலமானாலோ வேறு கடனில் சிக்கினாலோ, கிரய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வாரிசுகளுடன் நீதிமன்றம் ஏற வேண்டியவர் நீங்கள்தான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து மறுபகுதியைத் தருவதாக உறுதியளித்தும் கிரயம் செய்யலாம். வீடு கைமாறிய பிறகு, பாக்கித் தொகைக்காக அச்சொத்தின் மீது விற்றவருக்கு உள்ள பிடிமானத்தை 55ஆம் பிரிவு காக்கிறது. எனவே இப்போதே கிரயப் பத்திரம் பதிந்து, பாக்கி, வட்டி, தவணைத் தேதிகள், முன்கூட்டிக் கட்டும் உரிமை ஆகியவற்றை அதிலேயே எழுதி, கூடவே அவர் பெயருக்கு அடமானமும் பதிந்து கொடுங்கள். ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வழக்கமான வாசகத்தை எழுத்தர் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் தயங்கினால், காரணம் பெரும்பாலும் வரியாகத்தான் இருக்கும். பணம் தவணையில் வந்தாலும், மூலதன ஆதாயத்துக்கான வரி பொதுவாகக் கிரயம் நடந்த ஆண்டிலேயே முழுமையாக விழும். அவருடைய ஆடிட்டர் சொல்லும் வரித்தொகையை உங்கள் 25 லட்சம் தாராளமாகத் தாண்டுகிறது என்று காட்டினால் பேச்சு எளிதாகும்.

முத்திரைத்தாளும் பதிவும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம், இப்போதே தேவைப்படும். உங்கள் 31 லட்சம் ஏறக்குறைய அத்துடன் தீர்ந்துவிடும். குடியிருப்போர் கொடுத்துள்ள அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுக்கு வருவதால், அதை முதல் தொகையிலேயே கழித்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் பழைய வங்கி அடமானம் ஏதேனும் இருந்தால், அது ரத்தாகும் வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். விலை 50 லட்சத்துக்கு மேல் இருப்பதால், ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் வரி பிடித்து, அவருடைய பான் எண்ணில் செலுத்துவதும் உங்கள் கடமை.