காப்பி குடிக்கப் போனால் குற்றமா?

கேள்வி: சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. காப்பி குடிக்கக் கீழே போனால்கூட ‘எங்கே இருக்கீங்க?’ என்று மேலாளரிடமிருந்து டீம்ஸில் செய்தி வருகிறது. இரண்டு வரி மின்னஞ்சலையும் அவர் திருத்திய பிறகுதான் அனுப்ப வேண்டும். ஆட்குறைப்பு வரப்போவதாக வேறு பேச்சு. எம்பிளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பதால் வாய் திறக்கப் பயம். எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், தெம்பனிஸ்

பதில்: என்ன காப்பி என்று சொல்லவில்லையே ஐயா!

காலை எட்டரை மணிக்கு எந்தக் காப்பிக்கடை வரிசையிலும் நின்று கேளுங்கள். ‘கோப்பி சி, சியூ தாய், காவ், பெங்.’ அதாவது இனிப்புப் பால் வேண்டாம், இனிப்பில்லாத டின் பால் ஊற்று, சர்க்கரையைக் குறை, டிகாஷனைக் கூட்டு, ஐஸ் போடு. ஒரு குவளைக்கு இத்தனை அதிகாரம்! இந்தத் தீவிலேயே அதிகம் மைக்ரோமேனேஜ் செய்யப்படுபவர் காப்பிக்கடை அங்கிள்தான். ஆனால் அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. சொல்ல வேண்டியதை எல்லாரும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் துணி வடிகட்டியை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று ஒருவரும் கல்லாவைத் தாண்டிப் போய்ப் பாடம் எடுப்பதில்லை.

வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் போட்ட கொட்டையில் எடுப்பதெல்லாம் காப்பியா என்று மாதம் தவறாமல் கடிதம் எழுதும் ஈசூன் அன்பர் இந்த இடத்தில் கொதிப்பார். கொதிக்கட்டும். பித்தளை டபரா இல்லாமல் தொண்டையில் இறங்காது என்றால் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போகட்டும். இந்தப் பக்கத்தில் கோப்பிக்குத்தான் முன்னுரிமை.

சரி, உங்கள் மேலாளர். அவரிடமும் ஆர்டரை முன்கூட்டியே வாங்குங்கள். என்ன வேலை, என்றைக்குள், யார் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று திங்கட்கிழமை காலையே நீங்களாக எழுதி அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். ‘எங்கே?’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதறிப் பதில் போடாதீர்கள். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதில் உங்களுக்கும் பங்கு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கழிப்பறையிலிருந்து பதில் போட்டதில்லை என்று சத்தியம் செய்வீர்களா?

இவர் மனம் குளிர்ந்தால் வேலை நிலைக்கும் என்று நினைத்துத்தானே இத்தனையும் பொறுத்துக்கொள்கிறீர்கள்? பெரிய நிறுவனங்களில் ஆட்குறைப்புப் பட்டியல் பெரும்பாலும் எங்கோ ஒரு தலைமையகத்தில் தயாராகிறது. அதில் அவர் பெயரும் இருக்கலாம். அந்தப் பயத்தில்தான் உங்கள் மின்னஞ்சலில் காற்புள்ளி தேடுகிறாரோ என்னவோ. தன் வேலைக்கே உத்தரவாதம் இல்லாதவர் உங்கள் வேலைக்கு எங்கே போய் உத்தரவாதம் தருவார்?

நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, ஆட்குறைப்பின்போது பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை தருவது இங்கே வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தானாக விலகியவருக்கு அதுவும் இல்லை. மிரட்டி எழுதி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகக் கருத வேலைவாய்ப்புச் சட்டத்தில் இடமுண்டு. 2019 ஏப்ரல் முதல் அந்தச் சட்டம் மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொருந்தும். ஆனால் கடைசி வேலைநாளிலிருந்து 1 மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் ‘டாடம்’ (TADM) என்ற முத்தரப்பு அமைப்பிடம் புகார் கொடுத்துவிட வேண்டும். மிரட்டியதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் அங்கே வாய் திறக்க முடியும். பாஸ் ரத்தானால் பொதுவாக இங்கே தங்க 30 நாள் கிடைக்கும். அந்த 30 நாளில் வேலை தேடத் தொடங்குபவர் தாமதமாகத் தொடங்குகிறார். இன்றைக்கே பயோடேட்டாவைத் தூசி தட்டுங்கள், அலுவலக மடிக்கணினியில் வேண்டாம்.

இன்னொன்று. இந்தத் துயரத்தைக் கவிதையாக எழுதி எங்களுக்கு அனுப்பிவிட வேண்டாம். ‘என் கணினியும் அழுதது’ என்று முடியும் கவிதைகள் ஏற்கெனவே மேசையில் குவிந்திருக்கின்றன. அவற்றில் பாதி, பகல் பதினொரு மணிக்கு, அலுவலக மின்னஞ்சலிலிருந்து வந்தவை. அவர்களுடைய மேலாளர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபமே உண்டு.