பதக்கங்கள் சொல்வதும் பாட்டி சொல்வதும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இராணுவத்தில் 17 ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றிய என் தாத்தா, சென்ற ஆண்டு தம் 83-ஆம் வயதில் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளன்று அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு நூலாக அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க விரும்புகிறோம். 1965-ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாப் எல்லையில் அவர் எதிரிகளோடு நேருக்கு நேர் நின்று போரிட்டதாகப் பெரியப்பா சொல்கிறார். தாத்தாவோ கடைசி வரை போரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், 1965-க்கான ரக்ஷா பதக்கம், சங்கிராம் பதக்கம், பூர்வி ஸ்டார், பாட்டிக்கு அவர் எழுதிய சில கடிதங்கள் ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் கொண்டு எப்படி எழுதுவது?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உங்கள் தாத்தா பேசாமல் போனதில் பெரும்பகுதியை அந்தப் பெட்டி பேசும். முதலில் பதக்கங்களைப் பாருங்கள். ரக்ஷா பதக்கம் 1965-இல் படையில் இருந்தவர்களுக்கு, அவர்கள் போர்முனைக்குச் சென்றிருந்தாலும் செல்லாவிட்டாலும், பொதுவாக வழங்கப்பட்டது. அந்தப் போரின் களப்பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கென்று சமர் சேவா ஸ்டார் என்ற தனிப் பதக்கம் உண்டு. அது நீங்கள் எழுதிய பட்டியலில் இல்லை. ஒரு பதக்கம் காணாமல் போயிருக்கவும் கூடும் என்பதால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்கள் குறிக்கப்பட்டுள்ள பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் அது இல்லையென்றால், 1965-இல் அவர் பஞ்சாப் எல்லையில் போரிட்டார் என்று நீங்கள் அச்சில் எழுதக் கூடாது.

ஆனால் பூர்வி ஸ்டார் உங்களிடம் இருக்கிறதே! அது 1971-ஆம் ஆண்டுப் போரில் கிழக்குக் களத்தில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்டது; மேற்கே இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது பஸ்சிமி ஸ்டார். அப்படியானால் வங்கதேசம் பிறந்த அந்தப் போரில் உங்கள் தாத்தாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி, 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிந்த அந்த இரண்டு வாரங்களில், ஆறுகளும் தகர்க்கப்பட்ட பாலங்களும் வழிமறித்த ஒரு நிலப்பரப்பில், துப்பாக்கி ஏந்தி முன்னே சென்றவர்களுக்குக் குண்டுகளையும் உணவையும் எரிபொருளையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு படையின் ஓட்டுநர்கள் மேல்தான் இருந்தது. பெரியப்பா சொல்லும் கதையைவிட இது சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை. தம் தந்தையின் மேலுள்ள பாசத்தால்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே அவரை எல்லார் முன்னிலையிலும் மறுத்துப் பேசாதீர்கள். பூர்வி ஸ்டாரை அவர் கையிலேயே கொடுத்து, அது எதற்காக வழங்கப்பட்டது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்ததாகக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். களத்திலிருக்கும் படைவீரர் தாம் இருக்கும் ஊரின் பெயரை எழுத முடியாது; அதற்குப் பதிலாகப் படை அஞ்சல் எண்தான் இருக்கும். முகவரியில் 99 ஏ.பி.ஓ. என்றிருந்தால் அவர் கிழக்கே இருந்தார் என்றும், 56 ஏ.பி.ஓ. என்றிருந்தால் மேற்கிலோ வடக்கிலோ இருந்தார் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். தேதிவாரியாக அடுக்கினால், எந்த ஆண்டு எத்திசையில் இருந்தார் என்ற வரைபடம் உங்களுக்கே கிடைத்துவிடும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், தொழிற்பிரிவு, நடத்தை பற்றிய மதிப்பீடு ஆகியவை இருக்கும். மேலும் விவரம் வேண்டுமென்றால், அவருடைய படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டுப் பாட்டியின் பெயரில் மனு அனுப்பலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. எங்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் புத்தகத்தை மட்டும் தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பழைய தாளைப் பிறகு அதிலிருந்து மீட்க இயலாது.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும், இறந்த வீரனின் பெயரும் இருக்கின்றன; அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. அந்த வீரனைப் புகழ்ந்து ஓர் அடைமொழிகூட இல்லாத நிலையிலும், சுமார் 1400 ஆண்டுகள் கழித்து அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. நாயின் பெயரையே விடாமல் பொறித்த மண்ணில் பிறந்த நீங்கள், தாத்தா ஓட்டிய வண்டி எது, அதில் என்ன ஏற்றினார், ஊருக்கு வரும்போது எந்த ரயிலில் எத்தனை நாள் பயணம் செய்தார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ‘வீரத் திருமகன்’ என்ற சொல்லால் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பாட்டி இருக்கிறார் என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த 17 ஆண்டுகளில் வந்த மணியார்டரைக் கொண்டு வீட்டை நடத்தியவரும், பிள்ளைப்பேற்றையும் மாமனார் மாமியாரின் நோயையும் கணவர் அருகில் இல்லாமலே தாங்கியவரும் அவர்தானே. 1971 டிசம்பரில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகளைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டிருக்கிறீர்களா? நாளைக்குத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய பேச்சு வழக்கிலேயே பதிவு செய்து, நூலின் நடுப்பகுதியில் சேருங்கள்.

கேள்வி: முன்னாள் படைவீரரான எங்கள் மாமாவின் இறுதி ஊர்வலத்தில் உடல்மீது தேசியக் கொடியைப் போர்த்த முயன்றபோது சிலர் தடுத்துவிட்டார்கள். நாட்டுக்கு உழைத்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆயினும் தடுத்தவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். 2002-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித் தொகுப்பின்படி, அரசு மரியாதையுடனோ படை மரியாதையுடனோ நடைபெறும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம். குடும்பத்தினர் தாமாக நடத்தும் சடங்கில் போர்த்தக் கூடாது. போர்த்தப்படும் இடத்திலும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடி குழிக்குள் இறங்கவோ சிதையில் எரியவோ கூடாது. மாமாவின் பதக்கங்களையும் படைத் தொப்பியையும் ஒரு தட்டில் ஏந்தி முன்னே நடந்திருந்தால் அதை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நினைவு நாளில் அவற்றைப் படத்தின் முன் வையுங்கள்.

கேள்வி: என் தந்தை சுபேதாராக ஓய்வு பெற்றவர், ஊரில் பெரும் மதிப்பு உண்டு. வீட்டிலோ அவர் கை ஓங்காத நாள் குறைவு. நினைவுக் கூட்டத்தில் மூத்த மகனாகிய நான்தான் பேச வேண்டும். என் தங்கை, ‘பொய் சொல்வதாக இருந்தால் நான் வரவில்லை’ என்கிறாள். என்ன பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் தங்கை கேட்பதில் நியாயம் இருக்கிறது. தந்தை அடித்ததை மேடையில் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதாகத் தோன்றவில்லை. ‘அன்பே உருவானவர்’ என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அஞ்சுகிறார். ஆகவே உங்கள் தந்தை செய்தவற்றை மட்டும் சொல்லுங்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் நிலைக்கு உயர்ந்ததையும், ஊரில் யாருக்கு எப்படி உதவினார் என்பதையும், உங்களைப் படிக்க வைத்ததையும் நாள், இடத்தோடு சொல்லலாம். ‘அப்பாவோடு வாழ்வது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை, அவர் எங்களிடம் சொல்லாமல் சுமந்தது என்னவென்று எங்களுக்குத் தெரியாது’ என்ற அளவில் ஒரு வாக்கியம் அமைந்தால், தெரிந்தவர்களுக்கு அது புரியும், தெரியாதவர்களுக்கு உறுத்தாது. படையில் இருந்ததால்தான் அப்படி நடந்துகொண்டார் என்று காரணம் கற்பிக்காதீர்கள். அதே படையில் பணியாற்றி, பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை வைக்காதவர்கள் எத்தனையோ பேர். பேச்சை எழுதி முடித்ததும் முதலில் தங்கையிடம் படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொல்லும் வரியை அடித்துவிடுங்கள். அதன் பிறகும் அவர் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்; உறவினர்கள் கேட்டால் அவருக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஐந்து பதக்கங்களை மூன்று பிள்ளைகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?
– வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பங்கிடாதீர்கள். வட்டப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அவருடைய எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்தும் ஒன்றாக, அதே வரிசையில் இருந்தால்தான் அவர் எங்கெங்கே இருந்தார் என்பதைப் படிக்க முடியும். பிரிந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அவை வெறும் உலோகத் துண்டுகள். ஒருவர் வீட்டில் இருக்கட்டும். யார் வீட்டில், அவருக்குப் பின் யாரிடம் என்பதை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். மற்ற இருவருக்கும் நல்ல புகைப்படம் எடுத்துச் சட்டமிட்டுக் கொடுங்கள். பளபளப்புக்காகப் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்துகள் தேய்ந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.