தோலில் சோறு, பின்னால் வாளி: தென்சீன இன மக்களின் மேளங்கள் – கேள்வி பதில்

மிருதங்க மாணவர் ஒருவர்: சீனாவின் யுன்னான் மாகாணத்து டாய் மக்கள் யானைக்கால் மேளத்தில் சோற்றை அப்புகிறார்களாமே, எதற்கு?

பதில்: சுருதிக்குத்தான். ஆவியில் வெந்த பசையரிசிச் சோற்றை மையப் பிசைந்து, தோலின் நடுவில் வட்டமாக அப்புவார்கள். நடுவில் எடை ஏறினால் தோல் மெதுவாக அதிரும்; சுருதி இறங்கும், நாதம் கனக்கும். கொஞ்சம் வழித்தெடுத்தால் ஏறும். நீங்கள் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை பூசுவதும் இதே கணக்குதான். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பாமல், சிறிது சிறிதாக வைத்து ஒவ்வொரு முறையும் தட்டிக் கேட்க வேண்டும். மையம் விலகினால் ஓசை பிசிறடிக்கும். ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டால் கரகரக்கும்; விரலில் தண்ணீர் தொட்டு அழுத்தி ஒட்டுங்கள். வாசித்து முடிந்ததும் வழித்துத் துடைக்காவிட்டால் தோலில் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொருவர்: ஈரக்காற்றில் எவ்வளவு சோறு வைத்தாலும் ஓசை தொளதொளவென்றே இருக்கிறது, ஏன்?

பதில்: சோற்றின் மேல் குற்றமில்லை, தோல் தளர்ந்துவிட்டது. ஒரே மரத்தைக் குடைந்த உடல் இது: மேலே கிண்ணம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாதம். தோலிலிருந்து இறங்கும் வார்கள் இடுப்புக்கு அருகே கட்டப்பட்டிருக்கும். முதலில் எதிரெதிர் வார்களை மாற்றி மாற்றி இழுத்து வெறுந்தோலைச் சமப்படுத்துங்கள்; பிறகே சோறு. வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண்.

வேறொருவர்: சோற்றுக்குப் பதில் மண்ணைப் பூசுவதும் உண்டா?

பதில்: உண்டு. தென்சீனாவின் குவாங்சிப் பகுதியில், ஜின்சியு மலைகளில் வாழும் யாவ் மக்களின் மஞ்சள் மண் மேளம். இடை சிறுத்த உடல். தோலில் மஞ்சள் மண் குழம்பைப் பூசிச் சுருதி கூட்டுவார்கள். மண் காயக் காய எடை குறைந்து சுருதி ஏறும் என்பதைக் கவனியுங்கள்.

நாட்டார் கலை ஆர்வலர்: வெண்கல முரசு அடிக்கும்போது பின்னால் ஒருவர் வாளியோடு நிற்கிறாரே?

பதில்: பாதி இசை அவர் கையில்தான் இருக்கிறது! தென்சீனாவின் மியாவ், ஷுய் இன மக்களிடம் இந்த முறை அழகாக நிலைத்திருக்கிறது. முரசின் காதில் (பக்கத்திலுள்ள பிடிவளையத்தில்) கயிறு கோத்து, முகம் பக்கவாட்டில் பார்க்கத் தொங்கவிடுவார்கள். அடிப்பவர் முகத்தின் நடுவிலுள்ள சூரியப் புடைப்பில் தடியால் அடிப்பார். அடிப்பக்கம் திறந்தது, அங்கே மற்றவர் மரவாளியின் வாயை அருகே கொண்டுபோய், உடனே பின்னிழுப்பார். உள்ளே அடைபட்ட காற்றின் அளவு மாற மாற ஓசை அலையலையாகக் கனத்தும் மெலிந்தும் வரும். வாளி முரசைத் தொட்டுவிட்டால் கார்வை செத்துப்போகும். அடியோடு தாளம் சேராவிட்டால் அலையே எழாது. இருவரும் சேர்ந்து பழக வேண்டிய வாத்தியம் இது. குவாங்சியின் பெய்லியுவில் கிடைத்த மாபெரும் முரசின் முகம் 165 செ.மீ. விட்டம், அதைக் கட்டித் தூக்குவதே பெரும்பாடு.

அதே வாசகர்: யுன்னானின் ‘வா’ இன மக்களின் மர மேளத்துக்குத் தோலே இல்லையா?

பதில்: இல்லை. முழு மரத்தண்டில் நீளவாக்கில் குறுகிய பிளவு போட்டு, அதன் வழியே உள்ளே குடைவார்கள். மரத்தடிகளால் இடிப்பதுபோல் அடிப்பார்கள். அடிக்கும் இடம் மாறினால் ஓசையும் மாறும்.

ஒரு வாசகி: யுன்னானின் ஜினோ இன மக்களின் பெரிய மேளத்தைச் சுற்றிக் கதிர்போல நீட்டும் குச்சிகள் அலங்காரமா?

பதில்: பார்க்கச் சூரியன்போல இருப்பதால் சூரிய மேளம் என்றே பெயர் வந்தது. ஆனாலும் அவை முளைகள், அதாவது அடித்து இறக்கிய ஆப்புகள். மாட்டுத்தோலை மரத்தோடு பிடித்து நிறுத்துபவை. சேதமில்லாமல் பழுதுபார்க்க நினைத்தால் அவற்றில் கை வைக்காதீர்கள்: ஒன்று கழன்றாலும் அந்தப் பக்கத் தோல் தளர்ந்துவிடும்.