அறமும் பாவமும் வைச்சு ராச்சியம் கட்டுறது: நீங்கள் கேட்டதுகளும் என்ர பதிலும்

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சியில ஞாயிற்றுக்கிழமையில எங்கட மேசையில கேம் மாஸ்டரா, அதாவது கதையைச் சொல்லி விளையாட்டை நடத்துற ஆளா, இருக்கிறது நான்தான். ஆளுக்கொரு பாத்திரமாக் கற்பனை உலகத்தில விளையாடுற ஃபான்டசி ரோல்பிளேயில ராச்சியங்களையும் அதில வாழுற சனங்களையும் அறம் பாவம் வைச்சு எப்பிடி அமைக்கிறது எண்டு சந்தேகம் இருக்கிற ஆக்கள் கேளுங்கோ எண்டு போன கிழமை சொல்லியிருந்தன், வன்னி முழுக்க இருந்து கேள்வி வந்திருக்கு, வலு சந்தோசம். ஒரே மாதிரி வந்ததுகளை ஒண்டாச் சேர்த்திட்டன். சில பதில் நீண்டுபோகும், ஏனெண்டா அந்த இடத்தில சொல்ல இருக்கு.

மல்லாவித் தம்பி: அண்ணை, ஏழு பாவத்துக்கு ஏழு நாடு எண்டு மேப் கீறினன். பேராசை நாடு, சோம்பல் நாடு, பொறாமை நாடு எண்டு. இரண்டாவது நாட்டுக்குள்ள போகேக்கயே பெடியளுக்கு அலுத்துப்போச்சு. எங்க பிழைச்சது?

தம்பி, மேப் வடிவாத்தான் இருக்கும், ஆனா நீங்கள் பாவத்தை முதல் வைச்சிட்டு சனத்தைப் பிறகு வைச்சிருக்கிறியள். சோம்பல் நாட்டில எல்லாரும் படுத்துக்கிடந்தா ஆர் விதைக்கிறது, ஆர் இரவில யானைக்குக் காவல் நிக்கிறது, அந்த நாடு ஒரு போகம் தாண்டாது. முதல்ல அந்தச் சனத்துக்கு எது தட்டுப்பாடு எண்டு பாருங்கோ, அதைச் சமாளிக்க அவை என்ன பழக்கம் பிடிச்சினம் எண்டு பாருங்கோ, அந்தப் பழக்கம்தான் அவையின்ர அறம்.

எங்கட சிறுபோகக் கூட்டத்தையே எடுங்கோவன். காலபோகத்துக்கு மழை இருக்கு. சிறுபோகத்துக்குக் குளத்தில நிக்கிற தண்ணிதான். இரணைமடுக் குளத்தில இத்தினை அடி நிக்குது, அதுக்கு இத்தினை ஏக்கர்தான் செய்யலாம் எண்டு முடிவாகும், பிறகு அந்த ஏக்கரைப் பங்கு பிரிப்பினம். சின்னனில அப்பாவோட ஒரு கூட்டத்துக்குப் போனனான். ஒரு ஐயா கொப்பியைப் பாத்துப் பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தரா எழும்பி "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு இருந்தவை. ஒரு பேருக்கு மட்டும் ஒருத்தரும் எழும்பேல்லை, அந்த ஆள் ஆசுப்பத்திரியில. அப்ப பக்கத்து வயல்காரர் எழும்பி "அவற்ற பங்கு அவற்ற பேரிலயே கிடக்கட்டும், வேலையை நான் பாக்கிறன்" எண்டார். ஐயா தலையைக்கூட நிமித்தாமல் கொப்பியில ஒரு கோடு போட்டிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டார். நான் கட்டின முதல் ராச்சியம் அந்தக் கோட்டிலயிருந்துதான் வந்தது.

இப்ப அதே பங்கு முறையை ஒரு இருநூறு வருசம் ஓட விடுங்கோ. கொப்பியில பேர் இருந்தா தண்ணி, இல்லையெண்டா இல்லை. பக்கத்து நாட்டுப் பஞ்சத்தில தப்பி வந்த ஒரு குடும்பம் வாய்க்கால் கரையில குந்தியிருக்கு, அந்த நாட்டில ஒருத்தரும் கெட்டவை இல்லை, எல்லாருக்கும் மனசு உருகுது, ஆனா ஒரு குடம் தண்ணி குடுக்க ஒருத்தராலயும் ஏலாது, ஏனெண்டா அது இன்னொருத்தற்ற பங்கு. அந்த நாட்டின்ர பாவம் அதுதான். அதின்ர அறம் காய்ஞ்சுபோன இடத்தில முளைச்ச பாவம்.

பாலை நிலத்தை யோசிச்சுப் பாருங்கோ. ஐந்திணையில அதுக்கெண்டு தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் முறை திரிஞ்சு நல்ல இயல்பை இழந்தாத்தான் பாலையாகும் எண்டு சிலப்பதிகாரம் சொல்லுது. உங்கட ஏழு நாட்டையும் அழிக்கத் தேவையில்லை, ஒவ்வொண்டும் எந்த அறம் வறண்டு வந்தது எண்டு மட்டும் எழுதுங்கோ. பேராசை நாடு ஒரு காலத்தில பஞ்சத்துக்கெண்டு நெல்லுச் சேர்த்து வைச்சு ஊரைக் காப்பாத்தின நாடு. பொறாமை நாடு எல்லாரும் சமம் எண்டு சத்தியம் பண்ணின நாடு. சோம்பல் நாடு ஒருத்தரை ஒருத்தர் வேலை ஏவமாட்டம் எண்டு விடுதலை எடுத்த அடிமையளின்ர நாடு. இப்ப போய் விளையாடிப் பாருங்கோ, பெடியள் எழும்பமாட்டாங்கள்.

வவுனியா அக்கா: ஏழு பாவம் எண்டுறது ஆர் போட்ட கணக்கு? எங்கட ஆக்களிட்ட இதுக்கு ஒரு கணக்கும் இல்லையோ?

நல்ல கேள்வி அக்கா. 4ஆம் நூற்றாண்டில எகிப்துப் பாலைவனத்தில தவம் இருந்த எவாக்ரியஸ் எண்ட துறவி எட்டுக் கெட்ட எண்ணம் எண்டு எழுதினவர், 6ஆம் நூற்றாண்டில பாப்பரசர் முதலாம் கிரகோரி அதை ஏழாக்கினவர். ஞாயிறு மறைக்கல்விக்குப் போன பிள்ளையளுக்குத் தலையான பாவங்கள் ஏழு எண்டு பாடமா இருக்கும். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ, அது தனியா இருக்கிற ஒரு மனுசன் தன்ர மனசைப் பாக்கிறதுக்கு எண்டு வந்த கணக்கு. நாடு கட்ட வந்ததில்லை. அதாலதான் நாட்டுக்கு அதை அப்பிடியே போட்டா ஒட்டாது.

நாட்டுக்கு எண்டு தேடினா திருக்குறளில குற்றங்கடிதல் அதிகாரத்துக்குப் போங்கோ. 432ஆவது குறள், அரசனுக்குக் கேடு எது எண்டு மூண்டு சொல்லுது. இவறல், மாண்பிறந்த மானம், மாணா உவகை. குடுக்கவேண்டிய இடத்தில குடாமை, பெருமை கெட்ட மானம், தகாத சந்தோசம். எனக்கு இதில நடுவில கிடக்கிறதுதான் பொக்கிசம். மானம் எங்கட சனத்துக்கு எவ்வளவு பெரிய விசயம், அதையே வள்ளுவர் மாண்பு போனா குற்றம் எண்டுறார். அதை வைச்சு மலையோரத்தில ஒரு மான நாடு செய்தன். அங்க ஆரும் ஆரிட்டயும் இரக்கமாட்டினம், அடுப்பில ஒண்டும் இல்லாட்டியும் பின்னேரம் புகை மட்டும் வரப்பண்ணுவினம், அயலுக்குத் தெரியக்கூடாதெண்டு. என்ர பிளேயர்மார் அந்த ஊருக்குள்ள போகேக்க எல்லா வீட்டிலயும் புகை, ஒரு வீட்டிலயும் சோத்து வாசம் இல்லை. ஒரு தங்கச்சிதான் அதைக் கண்டுபிடிச்சவ, "அண்ணை, வாசம் வருதோ?" எண்டு கேட்டா, மேசை அப்பிடியே அமைதியாப் போச்சு.

983ஆவது குறளையும் பாருங்கோ, சால்பை, அதாவது நிறைஞ்ச நல்ல குணத்தைத் தாங்குற ஐஞ்சு தூண்: அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை. ஒரு பேரரசின்ர ஐஞ்சு மாகாணம் அப்பிடியே கையில வந்திட்டுது. கண்ணோட்டம் முத்தினா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ, பழகின முகத்துக்கு இரங்குற நீதவான், பழகாத முகத்துக்கு? அந்த மாகாணத்தில வழக்கு வெல்லவேணுமெண்டா முதல் ஒரு வருசம் அங்க குடியிருக்கவேணும்.

மாங்குளம் தம்பி: ஒரு ஆள் நல்லவனோ கெட்டவனோ, ஒழுங்கோ குழப்பமோ எண்டு குறிக்கிற அலைன்மென்ட் ஒன்பது பெட்டி இருக்குத்தானே, அதை நாட்டுக்குப் போட்டால் என்ன?

வேண்டாம். 1974இல டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் எண்ட ரோல்பிளே கேம் முதல் வரேக்க ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் எண்டு மூண்டுதான். நன்மை தீமையும் சேர்ந்து ஒன்பது பெட்டியாப் பிறகுதான் வந்தது. ஒரு ஆளுக்குப் போட்டுப் பாக்கலாம், லட்சம் சனம் இருக்கிற நாடு ஒரு பெட்டிக்குள்ள அடங்காது.

முள்ளியவளைத் தங்கச்சி: கதையில அறம் எண்டு சொல்லுறது லேசு அண்ணா, அதை ரூல்ஸில எப்பிடிக் கொண்டாறது? நம்பர் வேணும்தானே.

வேணும்தான். இரண்டு பழைய கேமைச் சொல்லுறன், இரண்டும் 1985இல வந்தது. பென்ட்ராகன் எண்ட மேசை கேமில வீரனுக்கு 13 சோடிக் குணம், தாராளம்–சுயநலம், இரக்கம்–கொடூரம் எண்டு, ஒவ்வொரு சோடியும் கூட்டினா 20. ஒண்டு கூடினா மற்றது குறையும், 20 பக்க டைஸ் உருட்டித்தான் சில நேரம் அந்த வீரன் என்ன செய்வான் எண்டே தெரியும். மற்றது கணினி கேம், அல்டிமா 4. எட்டு அறம், ஒவ்வொண்டுக்கும் ஒரு ஊர். கடைசியில கொல்லுறதுக்கு ஒரு பெரிய வில்லன் இல்லை, அறத்தில தேறுறதுதான் கேமே. அதில மூலிகை விக்கிற ஆளுக்குக் கண் தெரியாது, எவ்வளவு காசு வைக்கிறியள் எண்டு நீங்களே சொல்லுறது. குறைச்சு வைச்சாலும் சாமான் கிடைக்கும், ஆனா உள்ளுக்க நேர்மை இறங்கும். பெருமை பிடிச்சு அழிஞ்ச ஊர் ஒண்டும் இருக்கு, பாழாக் கிடக்கும், அங்கதான் பணிவைப் படிக்கிறது.

எங்கட மேசையில செய்யிறது இது. இரண்டு சிரட்டை, 20 புளியங்கொட்டை. ஒரு சிரட்டை ஈரம், மற்றது வரட்சி. தொடங்கேக்க ஈரத்தில 14, வரட்சியில 6. பிளேயர்மார் அந்த நாட்டு அறத்தை இரக்கம் இல்லாமல் சட்டமா மட்டும் பாவிச்சா ஒரு கொட்டை வரட்சிக்குப் போகும், தங்களுக்கு நட்டம் வந்தும் மற்ற ஆளுக்காக வளைஞ்சு குடுத்தா ஒண்டு ஈரத்துக்கு வரும். ஒவ்வொரு அமர்வு முடியேக்கயும் அந்த 20 பக்க டைஸ் உருட்டுவன், வந்த நம்பர் வரட்சிக் கொட்டையின்ர எண்ணிக்கையை விடக் கூட இல்லையெண்டா அடுத்த முறை அந்த நாட்டில ஒரு புதுக் கட்டளை வந்திருக்கும், வாய்க்காலில வெளி ஆள் கால் கழுவக்கூடாது எண்ட மாதிரி. கொட்டையை மாத்துற வேலையைப் பிளேயரிட்டயே குடுங்கோ. தன்ர கையால எடுத்து அங்கால போடேக்க வாற முகத்தைப் பாருங்கோ, அது பேப்பரில நம்பர் எழுதினா வராது.

புதுக்குடியிருப்பு அண்ணா ஒருத்தர்: ஒரு இனத்தையே பிறவியில கெட்ட இனம் எண்டு வைக்கிறது பிழையோ? கேம்தானே?

அண்ணா, நான் வைக்கமாட்டன். டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் போடுற கொம்பனியே ஓர்க், ட்ரௌ மாதிரிக் கற்பனை இனங்களைப் பிறப்பாலயே கெட்டவையாக் காட்டினதை மாத்துறம் எண்டு 2020இல சொன்னது. எனக்கு அதுக்கு முதலே முடிவு. ஒரு முழுச் சனத்துக்கும் ஒரே பேரை ஒட்டினா பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தாலும் மற்ற ஆக்களுக்கு நோகாது, அது எப்பிடியெண்டு 2009ஐக் கண்ட எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. மேசையில இருக்கிற பிள்ளை பன்னிரண்டு வயசில அந்தப் பழக்கத்தைக் கேமில படிக்கக்கூடாது. ஒரு அரசனைக் கெட்டவனா வையுங்கோ, ஒரு படையை வையுங்கோ, ஒரு சட்டத்தை வையுங்கோ. அந்தச் சனத்தில ஒரு ஆச்சியாவது அந்தச் சட்டத்துக்கு ஒளிச்சு ஒரு பிள்ளைக்குச் சோறு குடுக்கிறதையும் வையுங்கோ.

இதோட சேர்த்து ஒண்டு, ராச்சியம் எண்டால் யுத்தம் வரும், இடம்பெயர்வு வரும். தொடங்க முதல் என்ன வரக்கூடாது எண்டு எல்லாரிட்டயும் கேளுங்கோ. எங்கட மேசையில ஒரு அக்கா "பங்கர் மட்டும் வேண்டாம்" எண்டு சொன்னவ. ஏனெண்டு நாங்கள் கேக்கேல்லை. எங்கட உலகத்தில பங்கர் இல்லை.

முல்லைத்தீவுத் தம்பி: எங்கட அப்பா கடல்தொழில். எந்தக் கேம் எண்டாலும் கடல் சனம் எண்டால் கொள்ளைக்காரர்தான். வேற மாதிரி எப்பிடிச் செய்யிறது?

தம்பி, இதை என்னட்டக் கேக்கிறதை விட அப்பாட்டக் கேளுங்கோ, ஒரு போட் திரும்பி வராட்டி கரையில என்ன நடக்கும் எண்டு. கோவக்காரன், கடன்காரன் எண்டு பாக்காமல் எல்லாரும் எஞ்சினை எடுத்துக்கொண்டு இறங்குவினம். தேடிப் போறதுதான் அந்தச் சனத்தின்ர அறம். கரைவலை இழுக்கிற ஆக்களுக்குப் பங்கு போற மாதிரி அந்த நாட்டிலயும் ஒரு பங்கு முறை வையுங்கோ. வரட்சிக்கு: கடலில நடந்ததைக் கரையில கதைக்கிறேல்லை எண்ட சத்தியம். சேர்ந்து நிக்கிறதுக்கு எண்டு வந்த சத்தியம், ஒரு நாள் போட்டுக்குள்ள ஒரு சின்னப் பெடியனுக்கு அநியாயம் நடந்தா சாட்சி சொல்ல ஒருத்தரும் இருக்கமாட்டினம்.

ஒட்டுசுட்டான் அக்கா: ஒரே செயல் அறமாயும் பாவமாயும் இருக்கேலுமோ? பிளேயர்மார் சண்டை பிடிக்கினம்.

சண்டை பிடிக்கட்டும் அக்கா, நல்லது. உங்களுக்குப் பக்கத்தில வற்றாப்பளை அம்மன் இருக்கிறா. மதுரையை எரிச்ச கோபம் ஆற இஞ்ச வந்தவ எண்டுதான் எங்கட சனம் சொல்லுறது, வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணியில விளக்கெரியுது. நீதி கேட்டதும் அவதான், ஊரை எரிச்சதும் அவதான். அந்தக் கோபத்திலயும் வயசுபோன ஆக்களையும் குழந்தையளையும் விடு எண்டு நெருப்புக்குச் சொன்னவ. எந்தச் சனத்தை அமைச்சாலும் நான் கட்டாயம் எழுதுற ஒரு வரி இது: உச்சக் கோபத்திலயும் இவை எதைத் தொடமாட்டினம்? அது தெரிஞ்சா அந்தச் சனம் ஆரெண்டு தெரியும்.

பரந்தன் தம்பி: வாற ஞாயிறு முதல் கேம், மேப் இல்லை, நேரமும் இல்லை. எதில தொடங்க?

மேப் வேண்டாம். ஒரு ஊர், தட்டுப்பாடான ஒரு சாமான், அதுக்கு ஒரு சட்டம், நல்ல காரணத்துக்காக அந்தச் சட்டத்தை மீறின ஒரு ஆள், காணும். பிளேயர்மாரை அந்த ஊரின்ர இரவுக் காவல்காரரா விடுங்கோ. நடுச்சாமம், குளத்தில தண்ணி திறக்கிற துருசுப் பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குது, லைட்டைப் பிடிச்சுக்கொண்டு போறியள். மண்வெட்டியோட ஒரு பிள்ளை நிக்குது, பதினாலு வயசிருக்கும், கடைசி வாய்க்கால் வீட்டுப் பிள்ளை. அண்டைக்கு அவவின்ர முறை இல்லை. அவ ஓடேல்லை. தண்ணி போய்க்கொண்டிருக்கு. சிரட்டை இரண்டையும் மேசைக்கு நடுவில வைச்சிட்டு என்ன செய்யப்போறியள் எண்டு கேளுங்கோ.